அத்தை போட்ட கையெழுத்து

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் அத்தைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் திரும்பினேன். பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் 'தியாகச் சுடர்' என்று இருந்தது. எழுதிக் கொடுத்தது நான்தான். மலையிறங்கும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே வந்தது.

பாட்டி போனபோது அத்தைக்குப் பதினேழு வயது. கீழே மூன்று தம்பிகள், கடைசிப் பையனுக்கு நாலு வயது. கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தள்ளிப்போட்டது அத்தையா தாத்தாவா என்று வீட்டில் இன்றுவரை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

காரியத்துக்கு வந்தவர்கள் சொன்ன கதைகளில் பாதி எனக்குப் புதுசு. ஊரில் யாரை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் கூட இருந்து பார்த்துக்கொள்ள அத்தைதான் போவாராம். கொடைக்கானல் போய், வத்தலக்குண்டுக்கு இறங்கி, அங்கிருந்து மதுரை. வயர் கூடையில் ஒரு சொம்பு, ஒரு போர்வை, கொஞ்சம் பூண்டு. (பூண்டு எதற்கு என்றால், வார்டில் பிள்ளை பெற்றவள் யாராவது இருந்தால் கொடுக்க.) மலைக்குளிரில் வளர்ந்தவர் அந்த வெக்கையில் வராந்தாவில் படுத்திருக்கிறார். சொந்தமில்லாத ஒரு கிழவருக்காகப் பதினோரு நாள் இருந்தாராம். அவருடைய பேரன்தான் அன்றைக்குப் பந்தியில் எச்சில் இலை எடுத்தான்.

கையில் காசு நிற்காது. விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்; அவர் ஸ்வெட்டரிலும் அந்தப் புகைவாசம்தான். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமையாகப் போன் செய்தேன். "அதனால வடுகபட்டிச் சந்தையில வெல கூடுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பூண்டு விளைந்த நிலத்தில் ஒரு சென்ட்கூட அத்தை பேரில் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

1996-ல் தாத்தா இறந்த பிறகு பாகம் பிரித்தார்கள். பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தம்பிகள் நீட்ட, அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். நீட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2005-ல்தான். இங்கே 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அப்போது பங்கு இல்லை. அத்தைக்கோ கல்யாணமே ஆகவில்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஒருமுறை நான் கேட்டபோது, "தம்பிக கேட்டானுக, போட்டேன். எனக்கெதுக்குடா நெலம்?" என்றார். சரி, வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். இன்னது உன்னுடையது என்று சொல்லிவிட்டாவது கேட்டிருக்கலாம் அல்லவா?

கடைசிக் காலத்தில் மாத்திரைக்குக்கூட எங்கள் கையைத்தான் எதிர்பார்த்தார். நேராகக் கேட்க மாட்டார். "டவுனுக்கு யாராச்சும் போறீங்களா?" என்பார். என் கல்லூரிக் கட்டணம் அந்த நிலத்துப் பூண்டும் உருளைக்கிழங்கும்தான். பதிலுக்கு நான் செய்தது ஒரு ஃபிளெக்ஸ். பங்கைவிட அது ரொம்ப மலிவு.

காரியத்துக்கு மறுநாள் காலையில் சித்தப்பா மெதுவாகப் பேச்செடுத்தார். அப்பாவும் இல்லை, எங்கள் பாகத்தை என் பேருக்கு மாற்றிவிடலாமாம். பத்திரம் அடித்தே கொண்டுவந்திருந்தார். "தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிரு. அது ஒண்ணும் சொல்லாது."

தங்கை உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு, முழுசாகப் படி என்று கொடுத்தேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"இதுல பாதி எனக்காண்ணே?" என்றாள்.

சித்தப்பா வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டிருந்தார்.