கல்லுக்குழி இளைப்புக்குக் காசநோய் என்று பெயர்

எங்கள் மாமா ஒருவர் பரமத்திப் பக்கத்துக் கல்லுக்குழிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போட்டவர்; அப்போது எழும் வெண்புழுதிக்கு அவர் கண்ட ஒரே பாதுகாப்பு, மூக்கைச் சுற்றிக் கட்டிய ஈரத் துண்டு. இன்று வாசற்படி மூன்றை ஏறுவதற்குள் இரண்டு முறை நிற்கிறார்; மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார். “ரெண்டு தடவ ஆறாறு மாசம் மாத்திரை தின்னு முடிச்சாச்சு மாப்ள, இளைப்பு மட்டும் உட மாட்டேங்குது” என்றார், போன ஆடி நோம்பியன்று. அவர் தின்றது காசநோய் மாத்திரை.

பீடி குடிப்பீர்களா, சாராயம் உண்டா என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் கேட்டார்களாம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாறைப் புழுதியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து வரும் நோய் சிலிக்கோசிஸ். மார்பு எக்ஸ்ரேயில் அதுவும் காசநோயும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதும், சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதும் மருத்துவர்கள் அறியாதவை அல்ல. ஆனால் காசநோய் மருந்தால் குணமாகும். சிலிக்கோசிசைக் குணமாக்க மருந்து இல்லை, புழுதியை விட்டு விலகிய பிறகும் அது முற்றக்கூடும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றது அது. காசநோய் என்று எழுதிய சீட்டோடு எந்தக் குவாரிக்காரரிடம் போய் நிற்பது?

1955-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் வேலையில் சேரும்போதும், பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றன. சங்ககிரி, மதுக்கரை போன்ற இடங்களின் பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பேர் பதிந்த ஆளுக்கு அது கிடைக்க வழியுண்டு. லோடு கணக்கில் கூலி வாங்கிக் குழிக்குக் குழி மாறிய மாமாவின் பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதே இல்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் வகுத்த கொள்கைப்படி நோய் உறுதியானதும் 3 லட்சம் ரூபாயும், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சமும் அரசே தருகிறது. பழைய முதலாளியைத் தேடி அலைய வைக்காத அந்த ஏற்பாடுதான் நமக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

துளையிடும்போதே தண்ணீர் விட்டால் புழுதி பெருமளவு அடங்கும். குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் பாறைக்குத் தண்ணீரா என்று சிரிப்பவர்கள், எம்-சாண்ட் கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை ஒருமுறை கிரஷருக்குப் போய்ப் பார்க்கலாம்.

நாமக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களிலாவது காசநோய்க்கு மாத்திரை கொடுக்குமுன் செய்த வேலையையும் செய்த ஆண்டுகளையும் கேட்டுச் சீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மாமாவின் சீட்டில் அந்த இடத்தில் ‘கூலி’ என்ற ஒரே சொல் இருக்கிறது.