மூன்று கோப்பைகளும் அவற்றைத் தொடரும் நான்கு ஆண்டுகளும்

2025 ஜூலை மாதத்தின் முதற்பாதி, இந்தியக் கால்பந்தை நேசிக்கும் எவருக்கும் கசப்பானதாகவே இருந்தது. ஜூன் 10 அன்று ஹாங்காங்கிடம் 0-1 என்று தோற்ற நம் ஆடவர் அணி, ஒரு மாதம் கழித்து வெளியான ஃபிஃபா தரவரிசையில் 133ஆம் இடத்துக்கு இறங்கியது. அதற்கு மறுநாள், நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. அதைப் புதுப்பிப்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. (பெண்கள் அணி ஜூலை 5 அன்று தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதை மட்டும் இந்தக் கசப்பிலிருந்து விலக்கிச் சொல்ல வேண்டும், அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.) பெரியவர்களின் ஆட்டம் இப்படி முடங்கிக் கிடந்த அதே வாரத்தில், பஞ்சாபின் மினெர்வா அகாடமியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவர்கள் சுவீடனில் ஆடத் தொடங்கினார்கள்.

அடுத்த மூன்று வாரங்களில் அவர்கள் செய்ததைப் பலரும் ஒரு நாள் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்திருப்பீர்கள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நடக்கும் கோத்தியா கோப்பை 1975இல் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய இளையோர் கால்பந்துத் தொடராகக் கருதப்படும் அதில், பல பத்து நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் வெவ்வேறு வயதுப் பிரிவுகளில் ஆடுகின்றன. இத்தாலியின் பிர்லோவும் சுவீடனின் இப்ராஹிமோவிச்சும் சிறுவர்களாக ஆடிய தொடர் அது. அங்கே இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் துக்குமான் நகரிலிருந்து வந்திருந்த அணியை மினெர்வா 4-0 என்று வென்றது. அங்கிருந்து நேராக டென்மார்க்கின் வடகோடியில் உள்ள யோரிங் என்னும் சிற்றூருக்குச் சென்று டானா கோப்பையை வென்றார்கள். அடுத்த வாரம் நார்வே தலைநகர் ஆஸ்லோவில், எக்கபெர்க் மேட்டின் பரந்த புல்வெளிகளில் 1972 முதல் நடந்துவரும் நார்வே கோப்பையையும் வென்றார்கள். மூன்று தொடர்களிலும் சேர்த்து 26 ஆட்டங்கள், 295 கோல்கள், ஒரு தோல்வியும் இல்லை.

கோத்தியா இறுதி ஆட்டத்தை நான் கைபேசியில் பார்த்தேன். கோல்களைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சிறுவர்கள் பந்தை வாங்கும் விதம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். பந்து வந்ததும் உடம்பைப் பாதி திருப்பி வாங்கி, முன்னோக்கித் தள்ளிவிடுகிறார்கள். நம் நாட்டில் பெரியவர்கள் ஆடும் முதுநிலை ஆட்டங்களிலேயே இதை எல்லோரும் செய்வதில்லை. பந்தை வாங்கி, நிறுத்தி, அதன் பின்னர் நிமிர்ந்து பார்த்து, அதற்குள் எதிரணிக்காரர் வந்து நிற்க, வேறு வழியின்றித் திரும்பப் பின்னாலேயே தட்டிவிடுகிற காட்சியை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்களுக்கு, இந்தச் சிறுவர்களின் ஆட்டம் பெரும் நிறைவாக இருந்தது.

இந்த வெற்றியின் அளவை மிகையின்றிச் சொல்வதே அந்தச் சிறுவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். சில செய்திகள் இதை இளையோர் உலகக் கோப்பை என்று எழுதின, அது சரியல்ல. இவை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து ஆடக்கூடிய திறந்த தொடர்கள். பெரிய அகாடமிகளும் வருகின்றன. பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் மகிழ்ச்சிக்காக வரும் ஊர் அணிகளும் வருகின்றன. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினொரு கோல்கள் விழுகின்றன என்றால், தொடக்கச் சுற்றுகளில் எதிரே நின்றவர்களில் பலர் அந்தத் தரத்தில் இல்லை என்பதுதான் பொருள். ஆனால் எதிரணி பலவீனமானது என்ற ஒரே வாதத்தால் இந்த வெற்றியைத் தள்ளிவிடவும் முடியாது. விலகல் சுற்றுகளில் ஒரு சறுக்கல் போதும், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட மூன்று தொடர்களை, அடுத்தடுத்த மூன்று வாரங்களில், மூன்று நாடுகளில், களைப்பையும் பயணத்தையும் தாண்டி ஒரே அணி வெல்வது எளிதன்று. 2023இலேயே இதே அகாடமி கோத்தியா கோப்பையின் 13 வயதுப் பிரிவில் பிரேசில் அணி ஒன்றை 3-1 என்று வென்றிருக்கிறது. வயதுக் கணக்கைப் பார்த்தால் 2025இல் வென்றவர்கள் அவர்களுக்கு அடுத்த தொகுதியினர். ஒரே ஓர் அற்புதத் தலைமுறை தற்செயலாக அமைந்துவிட்டது என்று சொல்லிவிட இடமில்லை. அங்கே ஏதோ ஒன்று தொடர்ந்து சரியாக நடக்கிறது.

அது என்ன என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சிறுவர்கள் அங்கேயே தங்கி, படித்து, அன்றாடம் பயிற்சி பெறுகிறார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். 2025 அணியில் பலர் மணிப்பூர்ச் சிறுவர்கள். 2023 மே மாதம் முதல் வன்முறையால் சிதைந்து கிடக்கும் ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் அவர்கள் என்பதை எண்ணும்போது, அந்தக் கோப்பையின் எடை எனக்கு வேறாகத் தெரிகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, அந்த 26 என்ற எண்ணை. மூன்று வாரங்களில் 26 போட்டி ஆட்டங்கள். நம் நாட்டின் பெரும்பாலான ஊர்களில், அதே வயதில் அதே ஆர்வத்தோடு பயிற்சிக்கு வரும் ஒரு சிறுவனுக்கு ஓராண்டு முழுவதும் அத்தனை போட்டி ஆட்டங்கள் கிடைப்பது அரிது. பயிற்சி நாள்தோறும் நடக்கும். ஆனால் நடுவரும், தோற்றால் வெளியேற வேண்டும் என்ற பதற்றமும், முன்பின் அறியாத எதிரணியும் கொண்ட ஆட்டங்கள் ஆண்டுக்கு ஏழெட்டு வாய்த்தாலே பெரிது.

இப்போது 2018க்குப் போகிறேன். அந்த ஆண்டும் இப்படியொரு கோடைதான். ஆகஸ்ட் மாதத்தில் ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் தொடரில் நம் 20 வயதுக்குட்பட்டோர் அணி, பத்து பேருடன் ஆடி, அர்ஜென்டினாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணியை 2-1 என்று வென்றது. ஏறத்தாழ அதே நேரத்தில் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஜோர்டானில் ஈராக்கை 1-0 என்று வென்றது. சில வாரங்கள் கழித்து அந்த 16 வயது அணி மலேசியாவில் நடந்த ஆசியக் கோப்பையின் காலிறுதி வரை சென்று, தென்கொரியாவிடம் 0-1 என்று தோற்று, ஒரே ஓர் ஆட்டத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நான் அந்த நாட்களில் படங்களைப் பகிர்ந்தேன், இனி நமக்கு நல்ல காலம் என்று எழுதினேன், நண்பர்களுடன் மணிக்கணக்கில் பேசினேன். அதன் பிறகு அந்தச் சிறுவர்களின் பெயர்களை நான் தேடவில்லை. அவர்களில் யார் எந்த அணியில் ஆடுகிறார்கள், யார் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள் என்று ஐந்தாறு ஆண்டுகள் நான் கேட்கவே இல்லை. சில பேர் தேசிய அணி வரை வந்தார்கள். ஆனால் அந்தக் கோடை தந்த நம்பிக்கைக்கு அந்த எண்ணிக்கை மிகக் குறைவு.

இப்படித் தொலைந்துபோகாமல் தப்பித்து வந்தவர்களில் இருவரின் கதையை மட்டும் சொல்கிறேன், இருவருமே மினெர்வாவில் வளர்ந்தவர்கள் என்பதால். மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங், 2017 அக்டோபர் 9 அன்று டெல்லியில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி அடித்த கோல்தான், ஃபிஃபா உலகக் கோப்பைத் தொடர் ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். இன்னொருவர் அன்வர் அலி. 2018இல் அர்ஜென்டினாவை வென்ற அந்த ஆட்டத்தில் ஒரு ஃப்ரீ கிக்கை வலைக்குள் செலுத்தியவர் அவர்தான். அடுத்த ஆண்டே அவருக்கு இதயக் கோளாறு இருப்பது கண்டறியப்பட்டது. இனி ஆடக்கூடாது என்றார்கள். நீதிமன்றம் வரை சென்று அனுமதி பெற்று, சிறிய அணியில் மீண்டும் தொடங்கி, 2022இல் தேசிய அணிக்காக ஆடினார். அவருடைய மன உறுதியை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் ஒரு நாட்டின் கால்பந்து இத்தகைய அசாதாரண மன உறுதி கொண்டவர்களை மட்டுமே கரை சேர்க்கும் என்றால், சாதாரண மன உறுதியும் அசாதாரணத் திறமையும் கொண்ட மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்?

ஐரோப்பாவில் இத்தனை கோல் அடித்த பிள்ளைகளை அங்குள்ள கிளப்புகளே எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கான பதில் பலருக்கும் தெரியவில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். 18 வயது நிறையாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா விதிகளின் 19ஆவது பிரிவு தடை செய்கிறது. பெற்றோர் கால்பந்து சாராத காரணங்களுக்காக இடம்பெயர்வது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. சிறுவர்களை ஆசை காட்டி அழைத்துச் சென்று, காயம் பட்டதும் தெருவில் விட்டுவிடும் கொடுமைகளைத் தடுக்க வந்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவை நாம் முழுதாக உணர வேண்டும். 14 வயதில் கோத்தன்பர்க்கில் வென்ற பிள்ளைக்கு, அடுத்த நான்கு ஆண்டுகளை இந்தியாவில் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. உடல் வளர்வதும், ஆட்ட அறிவு முதிர்வதும், பெரியவர்களுடன் மோதிப் பழகுவதும் அந்த நான்கு ஆண்டுகளில்தான் நடக்கின்றன. அவை முழுக்க முழுக்க நம் பொறுப்பு. இதில் வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

அந்த ஆண்டுகளுக்கு நாம் வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? 19, 20 வயதினருக்கென்றே இந்தியன் ஏரோஸ் என்ற அணியைக் கூட்டமைப்பு நடத்தியது. 2017 உலகக் கோப்பையில் ஆடிய சிறுவர்கள் அதில் சேர்ந்து ஐ-லீக் என்னும் தேசிய லீக்கில் முதுநிலை அணிகளுடன் மோதினார்கள். நிறையத் தோற்றார்கள், தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டார்கள். 2022இல் அந்த அணி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் வளர்ச்சி லீக் தொடங்கியது நல்ல செய்தி. 13, 15, 17 வயதுப் பிரிவுகளுக்கான தேசிய லீக்குகளும் இருக்கின்றன. ஆனால் இவற்றின் மேலே ஏற வேண்டிய படியாகிய முதன்மை லீக்கே 2025 கோடையில் நின்றுபோனபோது, சென்னையின் எஃப்சி உட்படப் பல கிளப்புகள் தம் பணிகளை நிறுத்தி வைத்தன. மினெர்வாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2017-18 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்ற அதன் முதுநிலை அணி 2020இல் வேறு நிறுவனத்திடம் கைமாறி, இன்று பஞ்சாப் எஃப்சியாக ஆடுகிறது. அகாடமி தனியே நிற்கிறது. அதாவது இந்த நாட்டின் மிகச் சிறந்த சிறுவர் அணியை வளர்க்கும் இடத்தில், அந்தச் சிறுவர்கள் வளர்ந்த பிறகு ஏறிச் செல்ல முதன்மை லீக் மேடை எதுவும் இல்லை. வேறெங்காவது இடம் கிடைத்தால்தான் உண்டு.

ஆகவே இந்த வெற்றிக்குப் பரிசுத் தொகையும் பாராட்டு விழாவும் கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன், அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். ஆனால் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் உண்டு என்றால், ஆட்டங்களைக் கேட்பேன். 15 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 30 போட்டி ஆட்டங்களாவது கிடைக்கும்படி மண்டல லீக்குகளை அமைக்க வேண்டும். ஒரு வாரத்தில் கூட்டி ஒரு வாரத்தில் முடித்துவிடும் தொடர்களாக அவை இருக்கக் கூடாது, மாதக்கணக்கில் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடுவதாக இருக்க வேண்டும். கலைக்கப்பட்ட ஏரோஸ் போன்ற ஓர் அணியை மீண்டும் அமைத்து, வெற்றி தோல்வி பற்றிய கவலையின்றி முதுநிலை லீக்கில் ஆட விட வேண்டும். வளர்த்த அகாடமிக்கு, அந்தப் பிள்ளை முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது சேர வேண்டிய பயிற்சி ஈட்டுத்தொகை தகராறின்றி உரிய நேரத்தில் சேர வேண்டும். இவற்றில் எதற்கும் மைதானத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

சிறுவர்களின் மட்டத்தில் நமக்குத் திறமை இருக்கிறதா என்ற ஐயம் இனி வேண்டாம். 2025 நவம்பர் 30 அன்று அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்டோர் அணி, பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு ஈரானை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இப்போது 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆண்டுதோறும் 48 அணிகளுடன் கத்தாரில் நடக்கிறது. ஆசியாவுக்குப் போட்டியை நடத்தும் நாட்டைத் தவிர எட்டு இடங்கள். 2018இல் நம் பிள்ளைகள் எட்டிய அந்தக் காலிறுதி, இன்றைய விதிப்படி உலகக் கோப்பைக்கான நுழைவுச் சீட்டு.

2025 கோடையில் 14 வயதுப் பிரிவில் ஆடியவர்கள் 2011இல் பிறந்தவர்கள். 2028இல் அவர்கள் 17 வயதுப் பிரிவுக்கு உரியவர்களாக இருப்பார்கள். 2029இல் 18 நிறைந்து, எந்த நாட்டின் கிளப்பிலும் சேரும் உரிமை பெறுவார்கள். அந்த அணியின் பெயர்ப் பட்டியலை இந்த முறை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளை அப்போது எங்கே ஆடுகிறான் என்பதை எழுதி, இங்கே தெரிவிப்பேன். எழுத முடியாமல் வெறுமையாக நிற்கும் இடங்களையும் அப்படியே தெரிவிப்பேன்.