"பிளாஸ்டிக்கால ஸ்பெர்ம் 100 மடங்கு குறையுது"ங்கிறது தப்பு

"டென்மார்க் ஆராய்ச்சில நிரூபிச்சிட்டாங்க, பிளாஸ்டிக் கெமிக்கலால ஆம்பளைங்களுக்கு ஸ்பெர்ம் 100 மடங்கு குறைஞ்சிடுச்சு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, தயவுசெஞ்சு அதை யாருக்கும் அனுப்பாதீங்க.

2022ல வந்த அந்த ஆய்வுல 18லேருந்து 30 வயசுக்குள்ள இருக்க 98 பேரோட யூரின் சாம்பிளை டெஸ்ட் பண்ணாங்க. ஒவ்வொரு கெமிக்கலும் உடம்புக்குள்ள எவ்ளோ போகுதுன்னு கணக்கு போட்டு, அதை அந்த கெமிக்கலோட பாதுகாப்பான அளவால வகுத்து, வர்ற எல்லாத்தையும் கூட்டுவாங்க, கூட்டுத்தொகை 1ஐ தாண்டினா கவலைப்படணும். உதாரணத்துக்கு மூணு கெமிக்கல் தலா 0.5ன்னு வச்சுக்குங்க, தனித்தனியா பாத்தா எல்லாம் லிமிட்டுக்குள்ளதான், கூட்டினா 1.5 ஆயிடுது. இந்த முறையோட முக்கியத்துவமே இதுதான்.

அந்த 98 பேரை வரிசைப்படுத்தினா நடுவுல வர்றவருக்கே இந்த கூட்டுத்தொகை 17, ரொம்ப அதிகமா இருந்தவங்களுக்கு 100க்கு மேல. ஃபார்வர்ட்ல வர்ற 100 இதுதாங்க, ஆபத்தை மதிப்பிடுற குறியீடு, ஸ்பெர்ம் கவுண்ட் இல்ல! அதுலயும் பெரிய பங்கு பிஸ்பீனால் ஏ (பிளாஸ்டிக் தயாரிக்க பயன்படுற கெமிக்கல்), அடுத்து டையாக்ஸின் (குப்பை எரிக்கிறப்போ, தொழிற்சாலைகள்ல உருவாகுற நச்சு), காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் கூட லிஸ்ட்ல இருக்கு, அதனால எல்லாமே பிளாஸ்டிக்னு சொல்றதும் சரியில்ல. பாதுகாப்பான அளவுங்கிறதும் பெரும்பாலும் விலங்கு சோதனைலேருந்து எடுத்ததுதான்.

அதுக்காக பயமே வேணாம்னு சொல்லல, 1 இருக்க வேண்டிய இடத்துல 17ங்கிறது சாதாரண விஷயம் இல்ல. ஆனா ஸ்பெர்ம் குறைஞ்சிடுச்சுன்னு சொல்லணும்னா அதே ஆளுங்களோட விந்து சாம்பிளையும் எடுத்து, வயசு, எடை, சிகரெட் எல்லாத்தையும் கணக்குல சேத்து ஒப்பிட்டு பாக்கணும்.