முடிக்கும் முன்பே சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வலைக் கொட்டகையில் நடந்தது இது. பதினோராம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி தன் படகில் வந்தியத்தேவனை இலங்கைக்கு ஏற்றிப்போகும் இடத்தைக் கண்கள் விரியச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஊசியை நிறுத்தினார்.

"எந்த மாசம் தாயி அது? என்ன காத்து?"

பிள்ளை முழித்தாள். "ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் தாத்தா கதையே ஆரம்பிக்குது."

"அப்ப சோழகம் கெடக்குமே. அந்தக் காத்துல ஒத்தப் பொம்பளப்புள்ள துடுப்பு வலிச்சுப் போறதுன்னா லேசுப்பட்ட கை இல்ல. பாய் இருந்துச்சா, வெறும் துடுப்பா, அதப் பாரு."

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தாத்தாகிட்ட சொல்லுங்க. நான் ரெண்டாம் பாகத்த மொதல்லேருந்து திரும்ப வாசிக்கிறேன். காத்து வர்ற எடத்துல எல்லாம் பென்சில்ல கோடு போடுறேன்." பள்ளியில் பரிசாகக் கிடைத்த சொந்தப் புத்தகம் அது. கோடு போடட்டும்.

அவள் அந்தப் புத்தகத்தை முடித்துவிட்டு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "நல்லா இருந்துச்சு தாத்தா" என்றிருப்பாள். அப்பாவும் "சரி தாயி" என்று ஊசியை எடுத்திருப்பார். பாதியில் இருந்ததால்தான் அவர் கேட்ட கேள்வி புத்தகத்துக்குள் போக முடிந்தது. இதை ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன், இன்று எழுதிவிடுகிறேன்.

நாம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் முடித்த பிறகுதான். ஜனவரியில் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய அடுக்கின் படம், டிசம்பரில் இந்த ஆண்டு வாசித்தவற்றின் பட்டியல். நடுவில் இருக்கும் பத்து மாதத்தில் அந்தப் புத்தகத்தோடு எப்படி வாழ்ந்தோம் என்பது யாருக்கும் தெரிவதில்லை. பட்டியல் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்த்து நானே பல புத்தகங்களை வாங்கியிருக்கிறேன். ஆனால் முடித்தவர் பேசும்போது ஒரு முடிவோடு பேசுகிறார். கேட்பவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை, "வாசிக்கணும்" என்று குறித்து வைத்துக்கொள்வதைத் தவிர. பாதியில் இருப்பவருக்கு இன்னும் தெளிவில்லை. தெளிவில்லாததால் அவர் நம்மையும் கூட அழைத்துக்கொள்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நகரத்து வாசிப்புக் குழுவின் இணையக் கூட்டத்தில் சேர்ந்தேன். ஒவ்வொருவராகச் சமீபத்தில் வாசித்ததைச் சொன்னார்கள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று எண்ணிக்கை போனது. என் முறை வந்தபோது, மூன்று மாதமாக ஒரே நாவலில் இருக்கிறேன், 140ஆம் பக்கம், அதில் வரும் அம்மா ஏன் இவ்வளவு பேசாமல் இருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "முடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை என்று தெரியும். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல அவ்வளவு ஆசையாக இருந்தது. முடித்த பிறகு அந்த ஆசை அப்படியே இருக்குமா?

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. படகு போகும் முன் ஐஸ் ஏற்ற வேண்டும், மறுநாள் காலையில் கரை சேர்ந்ததும் மீனுக்கு ஐஸ் வேண்டும். லாரி, சில்லறை, பாக்கி என்று நாள் போய்விடும். எனக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். என் புத்தகங்களில் எல்லாம் ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருக்கும். ஒருமுறை அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதத்தோடு ஒரு பாரை மீன் செதிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். இந்த வேகத்தில் வாசிப்பவர்கள் இந்தக் கரையில் என்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கையைக் கேட்டால் எங்களில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வர்ணம் பூசுவார்கள், இஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். வலைக் கொட்டகையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் தடை தொடங்கி ஒன்பதாம் நாளில் வருகிறது. மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஏப்ரல் 23இல், ஒரு தூக்குவாளி தேநீரோடு நான்கு பேர் உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிறு பேச்சு. பெயர் எதுவும் வைக்கவில்லை. முடிக்காத புத்தகத்தை மட்டும்தான் பேச வேண்டும், பக்க எண்ணைச் சொல்ல வேண்டும், "எப்ப முடிப்ப" என்று யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். பிடிக்காமல் நிறுத்தியிருந்தால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று சொன்னால் போதும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வத்தை என்னும் நாட்டுப்படகு வைத்திருந்தார், முழங்கால் வலி வந்த பிறகு கடலுக்குப் போவதில்லை. போன வருடம் தடைக்காலத்தில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை அவர் கையில் கொடுத்தேன். 1977இல் வந்த சின்னப் புத்தகம். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் என்பதால் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும். வாசித்துக்கொண்டே போனவர், அதில் லாஞ்சு என்னும் விசைப்படகுக்காரர்களுக்கும் வல்லம் என்னும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் பகை மூளும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அந்த ஞாயிறு கொட்டகையில், "இது நம்ம ஊரு சண்டைல்ல" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா. விசைப்படகில் டிரைவராகப் போகிறவர். நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் எழுபதுகளில் நடந்த மோதல்கள் இந்த மாநிலக் கரை முழுக்கத் தெரிந்த கதை. அதற்குப் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று ஆனது. எங்கள் குடும்பத்துக்குள் ஒரு தடவை அப்பாவின் வலை அறுந்தது. யார் படகு இழுத்துக்கொண்டு போனது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே பல வருடம் பேசாமல் இருந்தார்கள்.

அன்று அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். சித்தப்பா கேட்டார், "அதுல லாஞ்சுக்காரன் பக்கம் என்னண்ணே சொல்லியிருக்கு?" அப்பா சொன்னார், "இன்னும் அம்புட்டுத் தூரம் வரல." இரண்டு பேருக்கும் அது ஒரு நல்ல இடமாக இருந்தது. யார் சரி என்று கதை இன்னும் சொல்லவில்லை, அதனால் இவர்களும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் சித்தப்பா தானாக வந்து, எத்தனை பக்கம் ஆச்சு என்று கேட்டார். அதற்கடுத்த வாரம், கடன் வாங்கி இஞ்சின் போட்டவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வராது என்று அவரே சொன்னார். அறுந்த வலையைப் பற்றிய பேச்சும் வந்தது. அது எங்கள் வீட்டுச் சமாச்சாரம், இங்கே வேண்டாம். அப்பா அந்த நாவலை முடிக்க ஐந்து வாரம் ஆனது. ஒரே நாளில் முடித்திருந்தால் எனக்கு இந்த ஐந்து வாரம் கிடைத்திருக்காது.

சத்தமாக வாசித்துக் கேட்பது வாசிப்பா, ஃபோனில் வாசிப்பது வாசிப்பா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. கடலில் டவர் கிடைக்காது என்று முன்பே ஃபோனில் இறக்கி வைத்துக்கொண்டு போய்ப் படகில் கதை கேட்கும் தம்பிகள் இரண்டு பேர் எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் பக்க எண்ணுக்குப் பதில் நிமிடக் கணக்குச் சொல்வார்கள்.

தையல் கடை வைத்திருக்கும் லாத்தா ஒருவர் வருவார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கீழக்கரையில் பிறந்து பாம்பனுக்கு வாழ்க்கைப்பட்டவர். முதல் வருடம் முழுக்க, "நான் எங்கம்மா வாசிக்கிறேன், தையலுக்கே நேரம் பத்தல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் துணிப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு புத்தகத்தை எடுத்தார். அரபு எழுத்து. ஓதுகிற கிதாப் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் விரல் வைத்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார். வந்தது தமிழ்! அரபுத்தமிழில் அச்சடித்த, பெரியோரைப் போற்றும் ‘மாலை’ என்னும் பாட்டு, அவருடைய உம்மாவின் உம்மா வைத்திருந்தது. அரபு எழுத்தில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துத் தனி எழுத்து உண்டாக்கியிருக்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இந்த எழுத்தில் எழுதியவர்களில் பெரியவர்.

லாத்தா சொன்னார், "எங்க உம்மாவோட உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனா தமிழ் வாசிப்பாங்க." எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அந்த மூதாட்டியை எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்! ஒரு வாரத்துக்கு நான்கு வரிதான் லாத்தாவுக்குப் பிடிபடுகிறது. அந்த நான்கு வரியை அவர் சொல்லும் ஞாயிறுகளில் தேநீர் ஆறிப்போவதுகூட யாருக்கும் தெரியாது.

இந்தத் தீவில் புத்தகம் கை மாறுவது புதிதில்லை. ராமேஸ்வரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்திலிருந்து சிறுவனாகப் புத்தகம் இரவல் வாங்கி வாசித்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார். தெருவுக்கு ஒருவர் அப்படி இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒரு நூலகம் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வேண்டுகோள். பொது நூலகத்துக்கென்று 1948லேயே சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி தனியாகப் போட்டிருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. ஆனால் எங்கள் பக்கத்து நூலகத்தின் நேரம் கரையின் நேரத்தோடு ஒட்டவில்லை. அது திறந்திருக்கும்போது நாங்கள் மீன் பக்கம் நிற்கிறோம், நாங்கள் குளித்து உடை மாற்றி வரும்போது பூட்டு தொங்குகிறது. குறைந்தபட்சம் அந்த 61 நாளிலாவது கடலோர நூலகங்களை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள். தவணை முடிந்தும் திருப்பாத புத்தகத்துக்கு அபராதம் போடும் முன், எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவிலும் ஒரு மேடை வேண்டும். எழுதியவர்கள் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே வாசித்துக்கொண்டிருப்பவர்களும் ஒரு மணி நேரம் பேசட்டும். அப்பாவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

என் கையில் இப்போது இருப்பது ராமநாதபுரம் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் வரலாறு ஒன்று. கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிய காலத்துக்கு வந்திருக்கிறேன். சின்ன வயதில் வருடா வருடம் எங்களை ஓரியூருக்கு அழைத்துப் போவார்கள். கிறிஸ்தவக் குருவான அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் வெட்டுண்ட இடம். அந்தச் சிவந்த மண்ணை அம்மா என் நெற்றியில் பூசியிருக்கிறார். கிழவன் சேதுபதி என்றால் அந்தச் சாவு நடந்த நாட்டின் ராஜா என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். லாத்தாவிடம் இந்தப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கீழக்கரை சீதக்காதி வள்ளலோட சிநேகிதருல்ல அவரு!"

ஒரே ராஜா. லாத்தா வீட்டில் ஒரு மாதிரி, எங்கள் வீட்டில் ஒரு மாதிரி. நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை, சாயாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. வரும் ஞாயிறு அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார் லாத்தா. பிள்ளையும் காற்றுக் கணக்கோடு வருகிறாள்.

நான் 88ஆம் பக்கத்தில் இருக்கிறேன். நீங்கள்?