வேலை செய்தார், சரி. வாய்?

ஊருக்கு நல்லது செய்த தலைவர் என்பதற்காக, அவர் என்ன பேசினாலும் பொறுத்துப் போகலாமா? பிரெஞ்சு அரசியலில் இந்தப் பேச்சு வந்தால் என் நினைவுக்கு வருபவர் ஜோர்ஜ் ஃப்ரெஷ். 1977 முதல் 2004 வரை தென் பிரான்ஸின் மோன்பெலியே நகர மேயர். பிறகு 2010-இல் இறக்கும்வரை, அந்நகரம் அடங்கிய லாங்டாக்-ருசியோன் பிராந்தியத் தலைவர். சோசலிஸ்ட் கட்சிக்காரர். தொழிலால் ரோமானியச் சட்ட வரலாற்றுப் பேராசிரியர்.

அவர் செய்த வேலையில் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நகர மையத்தை ஒட்டிக் கிடந்த பழைய ராணுவ நிலத்தில், ஸ்பெயின் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபிலை அழைத்து ஆன்டிகோன் என்ற குடியிருப்பையே எழுப்பினார். தூண்களும் வளைவுகளுமாகக் கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், அது கல் இல்லை, கல் நிறத்தில் வார்த்த கான்கிரீட். அந்தத் தூண்களுக்குப் பின்னால் ஒரு பகுதி, வசதி குறைந்தவர்களுக்கான வாடகை வீடுகள். ஏழைக்குக் கட்டுவதென்றால் ஊருக்கு வெளியே தீப்பெட்டி அடுக்குவது என்றிருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2000-இல் டிராம் ஓடத் தொடங்கியது. நீல நிறப் பெட்டியில் வெள்ளைத் தகைவிலான் குருவிகள், பார்க்கவே அழகு. (ஊர் வளர்ந்ததே இவரால்தான் என்று ரசிகர்கள் சொல்வது மிகை. 1960-களிலேயே அல்ஜீரியாவிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக்காரர்களும் ஐபிஎம் ஆலையும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.)

அப்புறம் வாய்.

2006 பிப்ரவரியில் ஒரு பொது நிகழ்ச்சியில் ஹார்க்கிகள் சிலரைப் பார்த்து "நீங்கள் மனிதருக்குக் கீழானவர்கள்" என்றார். பிரான்ஸிடமிருந்து அல்ஜீரியா விடுதலை கேட்டு நடந்த போரில் பிரான்ஸ் பக்கம் நின்று போரிட்ட அல்ஜீரியர்கள்தான் ஹார்க்கிகள். 1962-இல் பிரான்ஸ் அவர்களில் பெரும்பாலானோரைக் கைவிட்டது, பலர் அங்கே கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களைக் கம்பி வேலிக்குள் முகாம்களில் வைத்தது. அந்த முகாம்களில் ஒன்றான ரிவ்சால்ட், ஃப்ரெஷ் தலைமை வகித்த அதே பிராந்தியத்தில்தான் இருந்தது. வரலாறு தெரியாதவர் உளறினார் என்று விட்டுவிடவும் முடியாது. வரலாறுதான் அவர் பிழைப்பே. எதிர்க்கட்சி நிகழ்ச்சிக்குப் போன இரண்டொருவரைத்தான் திட்டினார் என்றார்கள் ஆதரவாளர்கள். கீழ் நீதிமன்றம் அபராதம் விதித்தது, மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். சட்டப்படி அவர் தப்பியிருக்கலாம், என் கணக்கில் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில், பிரான்ஸ் கால்பந்து அணியில் பதினொருவரில் ஒன்பது பேர் கறுப்பர்கள், மூன்று நான்கு பேர் இருந்தால் இயல்பு என்றார். 2007 ஜனவரியில் கட்சி அவரை நீக்கியது. எனக்குக் கட்சி மேல்தான் இன்னும் கோபம். முப்பது வருடம் அவர் கொண்டுவந்த வாக்குகளை வாங்கி மடியில் கட்டிக்கொண்டபோது அந்த நாக்கு தெரியவில்லையாக்கும்!

2010 பிராந்தியத் தேர்தலில் கட்சி அவருக்கு எதிராக நிறுத்தியது எலேன் மாந்த்ரூவை. ஃப்ரெஷுக்குப் பின் மேயரானவர், அவருடைய ஆளாகவே அறியப்பட்டவர். மாந்த்ரூவின் பட்டியல் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, முதல் சுற்றோடு வெளியே. ஃப்ரெஷ் இரண்டாம் சுற்றில் பாதிக்கு மேல் வாங்கி ஜெயித்தார். ஜெயித்த அதே ஆண்டில் லெனின், சர்ச்சில், ரூஸ்வெல்ட், தெ கோல், பிரெஞ்சு சோசலிஸ்ட் தலைவர் ஜோரெஸ் ஆகியோருக்குப் பெரிய வெண்கலச் சிலைகளைத் திறந்தார். மாவோவும் நம்ம காந்தியும் அடுத்த வரிசையில் வந்தார்கள். கொன்றவர்களையும் கொல்லாமையைச் சொன்னவரையும் ஒரே சதுக்கத்தில் நிறுத்தும் துணிச்சல் அவருக்கு மட்டுமே வரும். அக்டோபரில் மாரடைப்பில் போய்விட்டார்.

வாக்களித்தவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. டிராமுக்கும் வீட்டுக்கும் நன்றிக்கடன் தீர்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டியது ஹார்க்கிக் குடும்பங்கள். அவர்களைக் கேட்டு யாரும் கடன் வாங்கவில்லை.

மாந்த்ரூவை இன்று அதிகம் பேர் பேசுவதில்லை. பிரான்ஸின் முதல் ஒருபால் திருமணத்தை 2013 மே மாதம் மோன்பெலியே நகர மன்றத்தில் நடத்தி வைத்தவர் அவர்தான். 2010-இல் எனக்கு அங்கே ஓட்டு இருந்திருந்தால், தோற்பார் என்று தெரிந்தே அவருக்குத்தான் போட்டிருப்பேன்.