எங்களுக்குக் கலிமா வேறயாம்

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் இருந்து பழைய நண்பர்கள் நாலு பேர் ஏற்காடு போயிருந்தோம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்பில் இருந்து என்னோடு படித்தவன், சுன்னத் ஜமாஅத் (சுன்னி முஸ்லிம்) குடும்பம், அஹ்மதியா முஸ்லிமான என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "மாப்ள, தப்பா எடுத்துக்காத. உங்களுக்குக் கலிமாவே வேறயாமே?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு, இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியான கலிமாவைச் சொன்னேன். லா இலாஹ இல்லல்லாஹு முஹம்மதுர் ரசூலுல்லாஹ். நான் சொல்லச் சொல்ல அவன் உதடும் கூடவே அசைந்தது. "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான்டா.

இருபது வருடப் பழக்கம். என் வீட்டுப் பெருநாள் பிரியாணி எத்தனை தடவை சாப்பிட்டிருப்பான்! யாரோ அனுப்பிய வீடியோவை நம்பியவனுக்கு என்னிடம் கேட்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. எனக்கு வலித்தது அதுதான். ஹஜ்ஜுக்குப் பதிலாக, எங்கள் ஜமாஅத் நிறுவனரின் ஊரான பஞ்சாபின் காதியானுக்குப் போகிறோம் என்றும் நினைத்திருக்கிறான். டிசம்பரில் அங்கே நடப்பது வருடாந்திர மாநாடு, 1891ல் 75 பேரோடு தொடங்கியது. ஹஜ் மக்காவில்தான், தொழுகையில் முகம் திருப்புவதும் கஅபாவை நோக்கித்தான்.

வித்தியாசமே இல்லை என்று நான் மழுப்பவில்லை. கடைசிக் காலத்தில் வரப்போவதாகச் சொல்லப்பட்ட வழிகாட்டியான மஹ்தியும் மீட்பரான மஸீஹும் 1889ல் பைஅத் (விசுவாச உறுதிமொழி) வாங்கத் தொடங்கிய ஹஸ்ரத் மிர்ஸா குலாம் அஹ்மத் அவர்கள்தான் என்று நம்புகிறோம். ஈசா நபி (இயேசு) வானத்தில் உயிரோடு இல்லை, இயற்கையாக இறந்துவிட்டார் என்கிறோம். புது ஷரீஅத் (மார்க்கச் சட்டம்) எதுவும் இல்லாமல், ரசூலுல்லாஹ்வை, அதாவது முஹம்மது நபியைப் பின்பற்றி அவர்களுக்குக் கீழ்ப்பட்ட நபி வரலாம் என்கிறோம். முஹம்மது நபிக்குப் பிறகு நபியே இல்லை என்பவர்களோடு பெரிய சண்டையே இந்தக் கடைசி விஷயத்தில்தான்.

இன்னொரு நண்பன், முருக பக்தன், "அப்ப சட்டம் என்னடா சொல்லுது?" என்றான். இது நம்ம ஊர் ஆட்களுக்கே தெரியாத கதை. மலபாரில் ஒருவர் அஹ்மதியாவில் சேர்ந்ததும், அவர் மதம் மாறிவிட்டார், திருமணம் முறிந்துவிட்டது என்று சொல்லி மனைவிக்கு மறுமணம் நடந்து, அது வழக்காகி, அவர் முஸ்லிம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1922லேயே சொல்லிவிட்டது. 1970ல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரும் அதையேதான் சொன்னார். பாகிஸ்தானில் நடந்தது வேறு. 1974ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி எங்களை முஸ்லிம் அல்லாதவர் ஆக்கினார்கள். 1984க்குப் பிறகு அங்கே பாங்கு சொன்னாலே அஹ்மதிக்குச் சிறை. 1979ல் இயற்பியல் நோபல் வாங்கிய அஹ்மதி விஞ்ஞானி அப்துஸ் சலாமின் கல்லறையில் 'முஸ்லிம்' என்ற சொல்லையே அழித்துவிட்டார்கள். அந்தப் படத்தை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாரும் அமைதியாக இருந்தபோது, அந்த சுன்னத் ஜமாஅத் நண்பன் உண்மையான கேள்வியைக் கேட்டான்: "சரி, எங்க இமாம் பின்னாடி நீ ஏன் தொழ மாட்டேங்குற?"

ஆமாம், தொழுவதில்லை. நாங்கள் இமாமாக ஏற்ற ஹஸ்ரத் மிர்ஸா குலாம் அஹ்மத் அவர்களை மறுக்கும் ஒருவரை எங்களால் தொழுகையில் முன்னால் நிறுத்த முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "இது எனக்குக் கஷ்டமா இருக்குடா" என்றான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இருபது வருடத்தில் முதல் தடவையாக, இல்லாத ஒன்றைப் பற்றி இல்லாமல், என்னிடம் உண்மையிலேயே இருக்கும் நம்பிக்கையோடு அவன் மல்லுக்கட்டினான். அஸ்தம்பட்டி வரும்வரை விடாமல் பேசினோம். இன்னும் முடியவில்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.