முகத்தைச் சரிசெய்வது ஆடம்பரம் இல்லை

போரில் முகம் சிதைந்த ஒருவரின், அறுவை சிகிச்சைக்கு 'முன் – பின்' படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. கீழே பியூட்டி பார்லர் ஜோக் வேறு. நன்கு படித்த என் நண்பர்களே சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள்.

அவர் பெயர் வால்டர் யோ. பிரிட்டிஷ் கடற்படைக்காரர். முதல் உலகப்போரில், 1916-ல் நடந்த ஜட்லாண்ட் கடற்போரில் வார்ஸ்பைட் கப்பலில் இருந்தபோது மேல் இமை, கீழ் இமை எல்லாம் போய்விட்டன. இமை இல்லாவிட்டால் கண்ணை மூட முடியாது. மூடாத கண் காய்ந்து புண்ணாகும், பார்வையே போகலாம். அவருக்குத் தோல் ஒட்டிப் புது இமை வைத்தார்கள். இதில் பியூட்டி பார்லர் எங்கே வந்தது?

அதைச் செய்தவர் ஹரால்ட் கில்லீஸ். நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர். 1915-ல் ராணுவ மருத்துவராகப் பிரான்சுக்குப் போனார். பதுங்குகுழிப் போரில் தலையை உயர்த்தினால் குண்டு முகத்தில்தான் பாயும். தாடை, மூக்கு இல்லாமல் வந்தவர்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் போராடி வாங்கினார். 1917-ல் லண்டன் பக்கத்தில் சிட்கப் என்ற ஊரில் தனி மருத்துவமனையே வந்தது. அங்கே 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் மேல் அறுவை சிகிச்சைகள் நடந்தன.

ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. ஒட்டுத்தோல் அழுகினால் உயிரே போகும். லம்லி என்ற இளம் விமானிக்கு அப்படித்தான் ஆனது, 1918-ல் இறந்துபோனார். தோலை ஒரு முனையில் உடம்போடு விட்டு, குழாய்போல் சுருட்டித் தைத்து, ரத்த ஓட்டம் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்குக் கொண்டுவருவது கில்லீஸின் முறை. மாதக்கணக்கில் ஆகும். அழகுக்காக யாராவது இத்தனை வலியைத் தாங்குவார்களா?

"மூக்கு ஒட்டும் வித்தையே நம்முடையது, வெள்ளைக்காரனை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்" என்று வருவீர்கள். சரி, உண்மைதான். நெற்றித்தோலால் மூக்கு செய்வதை 1794-லேயே லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது; ஐரோப்பா நம்மிடம்தான் கற்றது. எனக்கும் அதில் பெருமைதான். அந்தப் பெருமையைப் பேசும் வாய்தானே இன்று ஒட்டுப்போட்ட முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது? போருக்குப் பிறகு கில்லீஸ் பணக்காரர்களுக்கு அழகு சிகிச்சையும் செய்தாராம். செய்தார். அதனால் யோவின் இமை ஆடம்பரமாகிவிடுமா?

சிட்கப்பில் ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீலம் பூசியிருந்தார்கள். அதில் முகம் சிதைந்தவர் உட்கார்ந்திருக்கலாம், பார்த்து அதிராதீர்கள் என்று ஊராருக்கு எச்சரிக்கை. நாட்டுக்காகப் போய் அடிபட்டவனுக்கே அந்த நிலைமை.

என் சித்திக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து முகமும் கழுத்தும் வெந்துபோயின. தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் தழும்பு இறுகி, தாடை மார்போடு இழுத்துக்கொண்டது. நிமிர முடியாது, வாயை முழுதாகத் திறந்து சோறு சாப்பிட முடியாது. அதை விடுவிக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். காப்பீட்டு நிறுவனம் "இது அழகுக்கான சிகிச்சை, பணம் தர இயலாது" என்று கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தியின் வளையல்கள் போயின, ஆபரேஷன் நடந்தது.

ஒரு ஜோக்குக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சிரிக்கிற அதே எண்ணம்தான் அந்தக் கடிதத்தை எழுதியது. முகம் என்றால் அழகு, அழகு என்றால் ஆடம்பரம் என்கிற எண்ணம். சாப்பிடுவதும் கண்ணை மூடித் தூங்குவதும் ஆடம்பரமா?

"இந்த வயசுல முகத்தைச் சரிபண்ணி என்ன ஆகப்போகுது" என்று சித்தியின் காதுபடப் பேசிய உறவினர்கள் சிலரும் இங்கே என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.